கீழ்த்தட்டில் ஒரு டம்ளர்

அவருக்குச் சொந்தமானதெல்லாம் ஒரே பைக்குள் அடங்கிவிடும். ஒரு மாற்றுச் சட்டை, ஒரு மாற்றுக் கால்சட்டை, துண்டு, மெல்லிய போர்வை, சவரச் சாமான், ஒரு தட்டு, விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். கம்பெனியில் அவரை ‘ஒத்தப்பையார்’ என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

இதற்குப் பின்னால் பெரிய ஞானோதயம் ஏதோ இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இடுப்புவலிதான் காரணம். எடை இயந்திரம் விற்கிற கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய், ஆலையிலும் கிடங்கிலும் இருக்கிற தராசுகள் ஒழுங்காக எடை காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவர் வேலை. சோதிப்பதற்கு எடைக்கற்கள் வேண்டும். இரும்புப் பெட்டி நிறைய எடைக்கற்களோடு பஸ் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் தெரியும், மறு கையில் எவ்வளவு தூக்க முடியும் என்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாப்பிள்ளைக் கணக்காக ஒரு பெரிய தோல்பெட்டியோடு கிளம்பினார். மூன்றாவது ஊரிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. லாட்ஜ் கட்டிலில் குப்புறக் கிடந்தபடி, எதையெல்லாம் இனிமேல் தூக்கக் கூடாது என்று யோசித்தார். தலையணை போயிற்று. இரண்டாவது ஜோடி செருப்பு போயிற்று. படிக்காமலே சுமந்துகொண்டிருந்த தடிப் புத்தகங்கள் போயின. கழிக்கக் கழிக்க மனிதருக்கு அது ருசித்துவிட்டது.

பயணத்துக்கென்று தொடங்கியது மெல்ல வீட்டுக்குள்ளும் வந்தது. வீட்டுக்குள் ஒன்று வந்தால் வேறொன்று வெளியே போக வேண்டும் என்று சட்டம் போட்டார். புதுச் சட்டை வாங்கினால் அன்றைக்கே பழையதை யாருக்காவது கொடுத்துவிடுவார். மனைவி அவரைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. ஊரிலிருந்து வந்தாலும் பையைப் பிரிக்காமல் வாசல் ஆணியில் மாட்டிவிடுவார். “வீட்டுக்காரர் இருக்காரான்னு யாராவது கேட்டா, ஆணியைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்றேன்,” என்பாள் அந்த அம்மாள். “பை இருந்தா இருக்காரு. இல்லன்னா இல்ல.” சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அவரும் சிரிப்பார். ஆனாலும் ஒரு தடவைகூடப் பையைப் பிரித்து அலமாரியில் வைத்ததில்லை.

அந்தப் பைக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. தராசைச் சோதிக்கும்போது எடைக்கல்லை முதலில் நடுவில் வைப்பார், பிறகு நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைப்பார். நடுவில் ஒழுங்காக நடிக்கிற தராசு மூலைக்குப் போனதும் பல்லிளித்துவிடும். எல்லாம் முடிந்ததும், விளையாட்டுக்குத் தன் பையைத் தூக்கி மேலே வைப்பார். நாலு கிலோ இருநூறு. எத்தனையோ வருடங்களாக அதே எடைதான். சோப்பு தேய்வதை மட்டும் மன்னித்துவிடுவார். “கல்லு பொய் சொன்னாலும் என் பை சொல்லாது,” என்று கிடங்குக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார்.

அவருக்கு ஒரே மகள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது குடும்பத்தோடு கடற்கரை ஊருக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு பை, அவரவர் பையை அவரவர்தான் தூக்க வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு. குழந்தை கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை ரகசியமாகப் பையில் நிரப்பிக்கொண்டாள். பஸ் நிலையத்தில் பை கனத்து, தோள்பட்டை சிவந்து நின்றவளைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து, “இது வேணுமா? இதை நீதானே தூக்கணும்?” என்று கேட்டார். கடைசிக் கல்லையும் அவளே எடுத்துக் கீழே போட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அழாமல் இருந்தாள். அன்று ராத்திரி மனைவி அவரோடு பேசவில்லை.

கிளம்பும்போது சொல்கிற பாடமும் ஒன்று உண்டு. போன இடத்தில் ஒரு துரும்பைக்கூட விட்டுவிட்டு வரக்கூடாது. இன்னொருத்தர் இடத்தை நம் சாமான் அடைக்கக்கூடாது. கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், குளியலறைக் கொக்கியில் என்று மகளை ஒரு சுற்று பார்த்துவரச் சொல்வார். அவள் சமர்த்தாகப் பார்த்துவிட்டு வந்து, “ஒண்ணுமில்லப்பா!” என்று கத்துவாள். அந்தப் பாடத்தை அவள் மறக்கவே இல்லை.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். பிறகு மனைவி இறந்துபோனாள். அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறைக்கு மாறினார். சாமான்களையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்து முடிக்க ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மகளுக்குத் தாங்கவில்லை.

“எங்ககூடவே வந்து இருந்துடுங்கப்பா,” என்றாள். “உங்களுக்குன்னு அலமாரியில ஒரு தட்டு ஒழிச்சு வெச்சிருக்கேன்.”

“எனக்கு எதுக்கும்மா வீடு? அதான் பை இருக்கே,” என்றார் அவர். வேடிக்கையாகச் சொன்னதாகத்தான் நினைப்பு. மகள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை.

ஆனால் தட்டு மட்டும் காலியாகவே இருந்தது. சுற்றுப்பயணத்தில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மகள் வீட்டில் இரண்டு நாள் தங்குவார். நடு அறையில் பச்சை அலமாரி, அதில் கீழ்த்தட்டு அவருடையது. அவரோ அதில் ஒரு கைக்குட்டைகூட வைக்க மாட்டார். பை கதவோரக் கொக்கியில் தொங்கும். தன் தட்டில் சாப்பிட்டு, தன் டம்ளரில் குடித்து, கழுவித் துடைத்துப் பைக்குள் போட்டுவிடுவார். குளித்து முடித்ததும் குளியலறைத் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். கிளம்புகிற அன்று போர்வையை மடித்து, படுக்கையை நீவி, அங்கே ஒரு மனிதன் படுத்திருந்தான் என்பதற்கே அடையாளம் இல்லாமல் செய்துவிட்டுப் போவார். “மாமா வந்தது தெரியாது, போனதும் தெரியாது. தங்கமான மனுஷன்,” என்று மாப்பிள்ளை மெச்சுவார். மகள் எதுவும் சொல்ல மாட்டாள். அவள் ஏன் சொல்வதில்லை என்று ஒத்தப்பையார் யோசித்ததே இல்லை. யாருக்கும் பாரமாக இல்லை, அது போதும் என்று நிம்மதியாகப் பஸ் ஏறிவிடுவார். நாலு மூலையிலும் கல் வைத்துப் பார்க்கிற மனிதருக்கு, சொந்த மகள் முகத்தைப் பார்த்துப் படிக்கத் தெரியவில்லை.

இந்த வருடக் கடைசியோடு அவருக்கு வேலை முடிகிறது. கம்பெனியில் எடைக்கல் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். போவதற்கு ஊர் இருக்காது. அது தெரிந்ததிலிருந்து அவருக்கு ராத்தூக்கம் சரியில்லை. போன மழைக்காலத்தில் அறையில் காய்ச்சலாகக் கிடந்தபோது ஒன்று நடந்தது. நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. தாகமாக இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. டம்ளர் எதிர்ச் சுவரோரம் இருந்தது. படுத்தபடி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு பார்ப்பதற்கும் எதுவும் இல்லை. எளிமையாக வாழ்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே, இது வெறுமனே தனியாக இருப்பதுதானோ என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது. மகள் இன்னொரு தடவை கேட்டால் போதும், சரி என்று சொல்லிவிடலாம். கேட்பாளா?

இந்தத் தடவை போனபோது கொக்கியில் பையை மாட்டுவதற்கு முன்பே கண் அலமாரிக்குப் போயிற்று. கீழ்த்தட்டில் இஸ்திரிப் பெட்டி இருந்தது. பக்கத்தில் பேத்தியின் ஓவியப் பலகை, பழைய திரைச்சீலைகள், ஏதோ ஒரு அட்டைப்பெட்டி. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. யாரைக் கோபித்துக்கொள்வது? காலியாகவே கிடந்த தட்டை எத்தனை வருடம்தான் காலியாக வைத்திருப்பாள்?

இரண்டு நாளும் வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது ஆரம்பித்தார், “வருஷக் கடைசியில வேலை முடியுதும்மா.”

“தெரியுமேப்பா. அப்புறம் என்ன, இஷ்டப்படி சுத்தலாம். பை ரெடியாதானே இருக்கு!” என்று மகள் தோசைக்கல்லைத் தேய்த்தபடியே சொன்னாள். அவர் சொன்ன அதே வேடிக்கை, திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குமேல் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊர் ஊராகப் பேசித் திரிந்த வாய், சொந்த மகளிடம் ஒரு வாக்கியம் கேட்க முடியாமல் தவித்தது.

கிளம்புகிற காலையில் மகள் அடுப்படியில் இருந்தாள், பேத்தி பள்ளிக்குப் போய்விட்டாள். அவர் டம்ளரைக் கழுவித் துடைத்தார். பைக்குள் போடவில்லை. அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்து, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த மூலையில் அதை வைத்தார். திருட வந்தவரைப் போல அடுப்படிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி வைத்தார், கண்ணில் படட்டும் என்று மறுபடி முன்னால் இழுத்து வைத்தார். மகளிடம் சொல்லிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி படியிறங்கினார். பஸ்ஸில் போகும்போது அவருக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு கள்ளத்தனம்.

அடுத்த ஊரில் ஒரு வார வேலை. எப்போதும் தங்குகிற லாட்ஜ்தான், அது மகளுக்கும் தெரியும். முதல் நாள் கிடங்குத் தராசில் கற்களையெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் பையைத் தூக்கி வைத்தார். நாலு கிலோ நூற்றிருபது. தராசில்தான் கோளாறு என்று ஒரு கணம் புருவத்தைச் சுருக்கினார். பிறகுதான் ஞாபகம் வந்தது. எண்பது கிராம் மகள் வீட்டில் இருக்கிறது. கிடங்குக் கணக்கர் எட்டிப் பார்த்து, “என்ன சார், உங்க பையே பொய் சொல்லுது?” என்றார்.

“பொய் இல்ல. கொஞ்சம் வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கேன்,” என்றார். ‘வீட்டுல’ என்று சொன்னது அவர் காதுக்கே புதிதாக இருந்தது. அன்று முழுக்க உற்சாகமாக இருந்தார். லாட்ஜில் இருந்த பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் குடித்தார். வாடை அடித்தது, அதுவும் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் திரும்பிப் போகும்போது அந்த வழியாகவே போகலாம், ‘டம்ளரை எடுத்துக்க வந்தேன்’ என்று உள்ளே நுழையலாம், அவள் ‘அது இங்கயே இருக்கட்டுமேப்பா’ என்பாள் என்று படுக்கையில் கிடந்தபடி ஒத்திகை பார்த்தார். ஒத்திகையில் மகள் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் லாட்ஜ் வரவேற்பு மேசையில் இருந்தவர், “சார், உங்களுக்குப் பார்சல்,” என்று ஒரு சின்ன அட்டைப்பெட்டியை நீட்டினார். மகள் கையெழுத்து. அறைக்குப் போய்ப் பிரித்தார். பேத்தியின் பழைய பனியனில் சுற்றி, நசுங்கிய விளிம்பு இன்னும் நசுங்கிவிடாமல் உள்ளே காகிதம் திணித்து, டம்ளர் பத்திரமாக இருந்தது. பளபளவென்று தேய்த்து அனுப்பியிருந்தாள்.

போன் அடித்தது.

“வந்துடுச்சாப்பா? நீங்க போன அரை மணி நேரத்துல பாத்துட்டேன். அது இல்லாம எப்படிக் குடிப்பீங்கன்னு மனசே கேக்கல. அன்னிக்கே கூரியர்ல போட்டுட்டேன்.”

“வந்துடுச்சும்மா.”

“கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பின்னாடி, எல்லாம் ஒரு சுத்து பாத்துட்டேன். வேற எதுவும் விடல. ஒரு துரும்புகூட இல்லப்பா!”

குழந்தையாக இருந்தபோது லாட்ஜ் அறையிலிருந்து கத்துகிற அதே குரல். பாராட்டுக்குக் காத்திருக்கிற குரல். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

“அதை நான் மறந்து வைக்கலம்மா,” என்றார்.

மறுமுனையில் மகள் சிரித்தாள். “ஆமாமா, நீங்களாவது மறக்கறதாவது! வயசாகுதுப்பா, ஒத்துக்கோங்க. சரி, குக்கர் சத்தம் போடுது, அப்புறம் பேசறேன்.”

போனை வைத்துவிட்டு அவர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடித்தார். தாகம் ஒன்றும் இல்லை. பனியனை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும் என்ற ஞாபகத்தில் கை நின்றது. பைக்குள் தேடிப் பார்த்தார். கொடுத்துவிடுகிற மாதிரி எதுவும் மிச்சம் இல்லை. பனியனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அழுகை வந்தது. அழுதார்.

காலையில் பனியனைச் சட்டைக்கு உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். அந்தக் கிடங்கில் கடைசித் தராசு பாக்கி இருந்தது. நடுவில் வைத்துப் பார்த்தார், நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். பிறகு பையை எடுத்து வைத்தார். நாலு கிலோ இருநூறு.

“இப்ப சரியாயிடுச்சா சார்?” என்று கணக்கர் கேட்டார்.

“சரியா இருக்கு,” என்றார் ஒத்தப்பையார். எண் அசையாமல் நின்றது. அவர் பையை இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.