பச்சைச் சட்டைக்காரரின் மடி

"மேடம், அந்தப் பச்சைச் சட்டையை ஃப்ரேமுக்கு வெளிய தள்ளிப்போடுங்க. மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

குலதெய்வம் கோயில் வாசல். மொட்டையடித்த பெண் குழந்தைக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். என் காதில் இதைச் சொன்னவர் குழந்தையின் அப்பாவைப் பெற்ற அம்மா. பச்சைச் சட்டைக்காரர் வேறு யாருமில்லை, குழந்தையின் தாய்மாமன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் லென்ஸ் பற்றிக் கேட்கிறார்கள். நான் இந்தச் சட்டையைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவள் நான். அப்புறம் பீளமேட்டில் ஸ்டுடியோ போட்டு பேபி ஃபிலிமுக்கு வந்தேன். குப்புற விழுவது, தவழ்வது, முதல் சோறு, மொட்டை, காதுகுத்து எல்லாவற்றையும் சினிமா மாதிரி எடுத்து, முதல் பிறந்தநாளன்று மண்டபத்து எல்இடி சுவரில் ஓட்டுவோம். லைட் வைத்ததும் குழந்தை குப்புற விழுமா? விழாது. நாம் டீ குடிக்கப் போனால் விழும். அந்த ரோதனையெல்லாம் எனக்குப் பிடிக்கும். குழந்தைகள்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. பெரியவர்கள்தான் என் பிபியை ஏற்றுவார்கள்.

பேலட்

ஷூட்டுக்கு முன்னால் கலர் பேலட் என்று ஒன்றை அனுப்புவோம். யார் யார் என்ன நிறத்தில் உடுத்த வேண்டும் என்று அதில் இருக்கும். இந்த வீட்டுக்கு வெளிர் ரோஸும் சந்தன நிறமும். குழந்தையின் அம்மா சௌமியா ஐடி கம்பெனியில் இருந்தாள். அவள் அண்ணன் முருகேசனுக்கு அன்னூரில் லேத் பட்டறை. அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அந்தப் பேலட்டை அவருக்கு மட்டும் யாரும் அனுப்பவில்லை. மனுஷன் பளிச்சென்று பச்சையில் புதுச்சட்டை எடுத்து, மருமகளுக்குத் தோடும் சீர்த்தட்டுமாக வந்து நின்றார்.

நம்ம பக்கம் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். அதில் சௌமியாவின் மாமியார்கூடக் கை வைக்கவில்லை. முருகேசன் சட்டையில் நான் காலர் மைக் மாட்டினேன். ஆசாரி குத்தியதும் குழந்தை வீலென்று கத்தியது. "அழுவாத கண்ணு, மாமன் இருக்கறேன் சாமி, முடிஞ்சுது முடிஞ்சுது" என்று அவர் சொன்னது ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. அருமையான ஷாட் அது.

"சாங்கியம் முடிஞ்சுதுங்க. இனி வீடியோவுக்கு ஒருக்கா எடுத்துக்கலாமுங்க," என்றார் அந்த அம்மா. மகனின் தொழில் கூட்டாளி சந்தன நிறக் குர்தாவில் வந்து சம்மணம் போட்டார். ஆசாரியிடம் ஊசி இல்லாமல் கையை மட்டும் காதருகில் வைக்கச் சொன்னார்கள். சாமிக்கு ஒரு மாமன், எல்இடிக்கு ஒரு மாமன்! கருமம்!

"இது முறையில்லீங்கம்மா," என்றேன்.

"முறையை நாங்க பாத்துக்கறோமுங்க. நீங்க கேமராவைப் பாருங்க."

அந்த 'ங்க'வை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முருகேசன் குழந்தையைத் தூக்கிக் குர்தாக்காரர் மடியில் வைத்தார். "வீடியோவுக்குத்தானுங்க, பரவால்லீங்க," என்று சிரித்துவிட்டுச் செருப்பு கிடந்த பக்கமாகப் போய் நின்றார்.

ஒரே ட்ராக்

இரண்டாவது ஷாட்டில் குழந்தை அழவே இல்லை. விரலைச் சப்பிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அதனால் எடிட்டில் முதல் அழுகையை எடுத்து இதன்மேல் போட்டோம். அழுகையோடு முருகேசன் குரலும் வந்தது.

ப்ரிவியூ அனுப்பியதும் சௌமியா போன் செய்தாள். "ஏனுங்க்கா, அண்ணன் மூஞ்சிதான் இல்ல. அந்தக் குரலாச்சும் இருக்கட்டுங்க்கா. இந்தப் படத்துல அவருக்குன்னு வேற ஒண்ணுமே இல்லீங்க்கா."

"இருக்கும் அம்மணி," என்றேன். ஒரே மைக், ஒரே ட்ராக். இரண்டையும் பிரிக்க முடியாது என்று தெம்பாக இருந்தேன்.

ப்ரிவியூ பார்த்துவிட்டு மாமியார் கூப்பிட்டார். "ஆரு கொரலுங்க அது? எடுத்துப்போடுங்க."

"அழுகையும் போயிருமுங்கம்மா."

"அதுக்குத்தான் ஏஐ வந்துருச்சாமுங்களே? ட்ராக்கை அனுப்புங்க, எம் பையன் பிரிச்சுக் குடுப்பான்."

சௌமியாவின் அண்ணன் குரலை அவள் புருஷனே உட்கார்ந்து பிரித்து அனுப்பினான். அழுகை மட்டும் சுத்தமாக இருந்தது. சௌமியா அதற்கப்புறம் எனக்குப் போன் செய்யவில்லை.

பிறந்தநாளன்று மண்டபம் நிறையக் கூட்டம். முருகேசன் அதே பச்சைச் சட்டையில் கடைசி வரிசையில் இருந்தார். எல்இடியில் குர்தாக்காரர் மடியில் குழந்தை. ஸ்பீக்கரில் வீலென்று அழுகை. எல்லாரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். பிறகு என் கன்சோல் பக்கம் வந்து குனிந்தார்.

"ஏனுங்க, அந்த அழுகை என்ற மடியில அழுததுங்களே?"

"ஆமாங்கண்ணா."

"நடுவுல ஒரு விக்கல் வந்துதுங்க. அதுலதான் கண்டுபுடிச்சேன்." நிமிர்ந்தார். "சரீங்க. சாப்டீங்களா? சாப்டுட்டுத்தான் போவோணும்." சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் கையைக் காட்டிவிட்டு அவர் வெளியே போனார். அவர் சாப்பிடவில்லை.

இப்போது புக்கிங்குக்கு யார் வந்தாலும் "தாய்மாமன் ஆருங்க?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். பேலட்டை அவருக்கு நானே அனுப்புகிறேன். மாமன் மடி ஷாட் படத்தில் இருக்கும், சம்மதமென்றால் உட்காருங்கள் என்கிறேன். சில பேர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும், அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம்.

பிள்ளைகளே, நீங்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டை சரியில்லை என்று ஒருவர் சொன்னால், உள்ளே இருக்கிற ஆளைப் பற்றித்தான் பேசுகிறார். அன்றைக்குக் கோயிலிலேயே நான் அந்த அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்: "ரீடேக் எதுக்குங்கம்மா? சட்டைக் கலரைக் கம்ப்யூட்டர்லயே சந்தனமா மாத்திரலாமுங்க."

"அது தெரியுமுங்க," என்றார்.