முக்கால் கிலோ கறிக்காக

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்தே பாதிதான் வரும்.

போன ஐப்பசியில் நானும் என் மனைவி செல்வியும் ராஜபாளையம் பக்கத்து மலை அருவியைப் பார்க்கப் போனோம். நாங்கள் இருந்த இடத்தில் நல்ல வெயில். மலை மேலேதான் மழை. ஆற்றின் நடுப்பாறையில் அடுப்பு மூட்டிக் கறி சமைத்தேன். திடீரென்று தண்ணீர் செம்மண் நிறமாகிச் சருகுகளோடு ஏறியது. செல்வி கரைக்கு ஓடிவிட்டாள். பெரிய வீரன் நான், கறிச்சட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

வெள்ளம் என்னைத் தூக்கிப் பாறையில் அடித்தது. முன்பல் இரண்டு தெறித்தன. புருவம் கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம். குளித்துவிட்டுக் கட்டக் கொண்டுவந்த மாற்றுச் சேலையைச் செல்வி வீசினாள்.

"ஏங்க, சட்டிய விட்டுட்டு சேலையப் பிடிங்க!"

"இருடி, கறி வெந்துருச்சு!"

அடுத்த அடியில் முழங்கால் உடைந்த பிறகுதான் சட்டியை விட்டுச் சேலையைப் பிடித்தேன். அவள் சேலையை மரத்தில் சுற்றி இழுத்துக் கரையேற்றினாள்.

"எம்புட்டுக் கறிங்க அது?"

"முக்காக் கிலோ."

ஓங்கி ஓர் அறை விட்டாள். ஆடிக்கொண்டிருந்த மூன்றாவது பல்லும் போனது.

இப்போதெல்லாம் வீட்டிலேயே சமைத்துக் கொண்டுபோய்க் கரையில்தான் சாப்பிடுகிறோம். தண்ணீரில் நாலு சருகு சேர்ந்து வந்தாலே முதலில் நொண்டிக்கொண்டே ஓடுவது நான்தான். கடிக்க முன்பல் இல்லாததால், கறியைச் செல்விதான் பிய்த்துத் தருகிறாள்.