டேப்பின் மேல்முனை

சரிவான நிலத்தில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்து அளக்கிற ஆளைக் கண்டால் ரசமட்டத்துக்கு ஆகவே ஆகாது. வேலி போடுகிற அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. மட்டம் பார்க்கும் கருவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். டீக்கடைக்குப் போனாலும் மேசை மேல் வைத்துப் பார்த்து, "ரெண்டு நூல் சாஞ்சிருக்கு" என்று கடைக்காரரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார். பதினொரு வருடமாக அவரிடம் குழி தோண்டுகிறேன். அவர் கோபம் எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

பத்திரத்தில் எழுதுகிற அடி, மட்டத்துக்கு எழுதுகிற அடி. சரிவில் டேப்பைப் படுக்கவைத்தால் இறக்கத்துக்கே கொஞ்சம் டேப் செலவாகி நிலம் குறைந்துபோகும். அதனால் ரசமட்டம் பத்தடி பத்தடியாகத்தான் அளப்பார். மேல்முனையை நான் தரையில் வைத்துப் பிடிப்பேன். கீழ்முனையை அவர் இடுப்புயரத்துக்குத் தூக்கி, மட்டம் பார்த்து இழுத்துப் பிடித்து, தூக்குக்குண்டை இறக்குவார். குண்டு தொட்ட இடத்தில் முளை. பிறகு அங்கிருந்து அடுத்த பத்தடி. மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை நாங்கள் ஒரு பகல் செய்வோம்.

இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா விட்டுப்போன சரிவு நிலத்தில் மேலேயிருந்து நூற்றிருபது அடி ரசமட்டத்துக்கு, மிச்சம் அண்ணனுக்கு என்று பத்திரம். அண்ணன் தையற்காரர். பதினேழு வருடத்துக்கு முன் அவர்தான் அளந்து எல்லைக்கல் போட்டார். டேப்பைப் படுக்கவைத்து அளந்ததில் தம்பிக்கு ஆறரை அடி போயிற்று. ஆறரை அடிதானே என்று நினைக்க வேண்டாம். கல்லுக்கு நாலடி கீழேதான் கைப்பம்பு இருந்தது. முதல் கோடையிலேயே அண்ணன் மனைவி அதற்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து ரசமட்டத்தின் மனைவி சரிவின் அடியில் இருக்கும் தெருக்குழாய்க்குப் போய்த் தண்ணீர் சுமந்தார். காலையில் நாலு குடம், மாலையில் மூன்று. வலது தோள் இறங்கிப்போய், ரவிக்கையின் ஒரு பக்கம் எப்போதும் நழுவும். அதை இழுத்துவிட்டுக்கொண்டு தெரு வழியே அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஓரகத்தி பம்படியில் நின்று பாத்திரம் கழுவுவாள். பார்க்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

வேலி வேலைக்கு வந்த முதல் மாதமே ரசமட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. மனைவியிடமும் சொன்னார்: "நான் வெளியூர்ல இருந்தப்ப அளந்து ஏமாத்திட்டான். வரட்டும், ஒரு நாள் என் கையில சிக்காமயா போவான்." ஏன் உடனே போய்க் கேட்கவில்லை என்று நான் ஒரு முறை கேட்டேன். "அவனே அளக்கச் சொல்லணும்" என்றார். பெரிய பொறுமைசாலி என்று வியந்தேன். என்னை என்ன சொல்ல.

போன மாசியில் அண்ணனே வந்தார். கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தார், தெருநாய் தொல்லை.

"ஊருக்கெல்லாம் வேலி போடுற. நடுவுல நமக்கும் ஒண்ணு போட்டுடேன்டா."

"எந்த இடத்துலண்ணே?"

"இதுல என்ன கேள்வி. பத்திரத்துல இருக்கிறபடி போடு."

ரசமட்டம் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். காலையில் தூக்குக்குண்டை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டு வந்தார். நானும் கடப்பாரையைத் தீட்டிவைத்திருந்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் கை பரபரத்தது.

பன்னிரண்டு முறை டேப்பை நீட்டினோம். பன்னிரண்டாவது முளை எல்லைக்கல்லைத் தாண்டி, பம்பையும் தாண்டி, அண்ணனின் கோழிக்கூண்டை ஒட்டி இறங்கியது.

"என்னடா இது? கல்லு மேல இருக்கு, நீ கீழ அடிக்கிற."

"கல்லு தப்பு, பத்திரம் சரி. டேப்பைப் படுக்கவெச்சு எங்கிட்ட ஆறரை அடி திருடினல்ல, அது இதுதான்."

அண்ணன் முளையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "டேப்பைத் தரையில வைக்காம ஆகாசத்துலயா வைப்பாங்க? உடம்பு மேல எப்படி ஒட்டிவெச்சு அளப்பேனோ அப்படித்தான அளந்தேன்."

அந்த முகம் நடிக்கிற முகம் இல்லை. ஒரு தையற்காரர் தனக்குத் தெரிந்த மாதிரி அளந்திருக்கிறார், அவ்வளவுதான். இத்தனை வருடமாக ஒரு திருடனுக்கென்று சேர்த்துவைத்த வசவு முழுக்க ரசமட்டத்தின் வாயிலேயே நின்றுவிட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அண்ணன் விடவில்லை. "எனக்குத்தான் தெரியல. மேல்முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நீதான? சரியா இருக்கான்னு கேட்டேன். 'சரியா இருக்குண்ணே, கல்லைப் போடு, பசிக்குது'ன்னு நீதான சொன்ன?"

அந்த நேரம் பார்த்து ரசமட்டத்தின் மனைவி குடத்தோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். நின்றார். குடத்தை மெதுவாக இறக்கினார்.

"நீங்க வெளியூர்ல இருந்தேன்னு சொன்னீங்க."

ரசமட்டம் தூக்குக்குண்டின் நூலைச் சுற்ற ஆரம்பித்தார். "அன்னிக்குச் சாயங்காலம்தான் கிளம்பினேன்."

"முனையை நீங்களா பிடிச்சீங்க?"

"பிடிக்கத்தான் பிடிச்சேன்."

அவர் ஏன் உடனே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷன் சட்டென்று சமாதானத்துக்கும் இறங்கினார். "அண்ணனும் தெரியாமத்தான் பண்ணியிருக்கான். வேலியைக் கல்லுப்படியே போட்டுடலாம்."

"தெரியாம அளந்ததால என் தோள் வலிக்காம போச்சா? பம்புக்குச் சங்கிலியும் தெரியாமத்தான் போட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க குழியைத் தோண்டுங்க. அந்த முளையிலயே."

தோண்டினேன். அவ்வளவு ஆசையாக என் வாழ்நாளில் குழி தோண்டியதில்லை. மேடு பள்ளமான அந்த எல்லையில் தூண் நட்டு, கம்பிவலைச் சட்டங்களைப் படிபோல ஒன்றுக்கொன்று இறக்கி மாட்டினோம். அப்படி மாட்டினால் ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் முக்கோணமாக ஒரு இடைவெளி விழும். அதையும் கல்வைத்துப் பூசி அடைக்கச் சொன்னார் அம்மாள். அந்தப் பக்கம் ஓரகத்தி காலிக் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் எங்கே வைப்பது என்று கேட்டேன். வாசலே வேண்டாம் என்று பதில் வந்தது.

அடுத்த நாள் காலை மீதிக் கம்பியை எடுக்கப் போனேன். பம்பில் அதே பழைய சங்கிலி, புதுப் பூட்டு. சாவி அம்மாளின் இடுப்பில். கணவர் முன்னால் இரண்டு குடங்களை வைத்தார்.

"பம்புத் தண்ணி எனக்கும் என் செடிக்கும். உங்களுக்கு வேணும்கிறதைக் குழாய்ல பிடிச்சுட்டு வாங்க."

ரசமட்டம் என்னைப் பார்த்தார். நான் கம்பியைச் சுருட்டினேன். சுருளோடு அவர் பின்னாலேயே கீழே இறங்கினேன்.

தெருக்குழாய் வரிசையில் அவருக்கு முன்னால் அண்ணன் நின்றிருந்தார். பம்பு போன கோபத்தில் அவர் மனைவியும் அவரைத்தான் அனுப்பியிருந்தாள். டேப்பின் இரண்டு முனைகளும் ஆளுக்கொரு குடத்தோடு நின்றன. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"பம்புதான் உங்கிட்ட வந்துடுச்சே, நீ ஏன்டா இங்க நிக்கிற?" என்றார் அண்ணன்.

"எங்கிட்ட வரல. அவகிட்ட வந்திருக்கு."

"எத்தன நாளைக்கு?"

"பதினேழு வருஷம்னு சொல்லியிருக்கா."

அண்ணன் குடத்தைக் குழாயடியில் வைத்தார். "அவ சொன்னா செய்வாடா" என்றார்.