முப்பத்தெட்டு மீட்டர் ஆழமும் நான் தைத்த கத்தி உறையும்

போன மாசி மாதம் என் பேத்தி அரசி கடலுக்கு அடியில் மூழ்கிக் கிடக்கிற ஒரு சரக்குக் கப்பலைப் பார்க்கப் போனாள். அவள் முங்கினாள், நான் படகில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஆழத்துக்குப் போகிற பிள்ளையாக இருந்தால், கூடப் போகலாமா வேண்டாமா என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்காக எழுதியது.

அரசி புதுச்சேரியில் முக்குளிக்கச் சொல்லிக் கொடுக்கிற ஒரு பள்ளியில் வேலை செய்கிறாள். எங்கள் ஆம்பூரில் கடலையே பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். ஏலகிரி அடிவாரத்துக் கிணற்றில் நீச்சல் கற்றவள், இன்றைக்கு ஊரான் பிள்ளைகளுக்குக் கடலில் மூச்சு விடச் சொல்லித் தருகிறாள். இதை நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பிள்ளைகளோடு அவள் போவது பன்னிரண்டு, பதினெட்டு மீட்டர். அதில் யாருக்கும் பேஜார் இல்லை. இந்த வருஷம் மூழ்கிய கப்பல்களுக்குப் போகிற குழுவில் அவளைக் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு மீட்டர். எங்கள் பக்கத்து விவசாயக் கிணறுகளில் ரொம்ப ஆழமானதையும் தாண்டின ஆழம் அது. என் மகன் சங்கர், அதாவது அவளுடைய அப்பா, முடியாது என்று சொல்லிவிட்டான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வேலூர் சத்துவாச்சாரியில் வீடு கட்டிக்கொண்டு போவதற்கு முன்னால் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை செய்தவன் அவன். கூட வேலை செய்த ஒருவன் கழிவுத் தொட்டியில் இறங்கி மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க இறங்கினவனும் விழுந்தான். இரண்டு பேரும் பிழைக்கவில்லை. அதை மேலே நின்று பார்த்தவன் சங்கர். "காத்து இல்லாத எடத்துக்கு என் பொண்ணு போவக் கூடாது" என்று ஒரே பேச்சு.

அரசி சம்பாதிக்கிறவள். கேட்காமலே போயிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. "ஆயாவ அனுப்புப்பா. ஒரு தடவ கூட வந்து பாக்கட்டும். பாத்துட்டு வேணாம்னு சொன்னா நான் அந்தக் குழுவயே வுட்டுர்றேன்" என்றாள். அவனும் சரி என்றான். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பகுதியில் இருபத்தாறு வருஷம் இருந்தவள் நான். ஆழத்துக்குப் போகிறவர்கள் இடுப்பில் ஒரு கத்தி வைத்திருப்பார்கள் என்று அரசி சொல்லியிருந்தாள். அவளுடைய கத்திக்கு இருந்தது ஒரு பிளாஸ்டிக் உறை. தோல் ஊரில் பிறந்தவள் பிளாஸ்டிக் உறையோடு போவதா? கத்தியைப் பேப்பரில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னேன். பஜாரில் நல்ல தடித்த எருமைத் தோலாக, மரப்பட்டை போட்டுப் பதனிட்டதாகப் பார்த்து வாங்கி, மெழுகு நூலால் கையாலேயே தைத்தேன். கத்தி ஆடக் கூடாது என்று இறுக்கித் தைத்தேன். ஓரத்தை வழித்து, பாலிஷ் போட்டு, மூலையில் 'அ' என்று அச்சும் குத்தினேன். கம்பெனியில் செய்திருந்தால் வெளிநாட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆம்பூரில் பஸ் ஏறினேன். வேலூர் ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கே புதிய பஸ் நிலையத்தில் மாறிக்கொள்ள வேண்டும். புதுச்சேரிக்கு நேர் பஸ் அடிக்கடி இல்லை. கிடைக்காவிட்டால் திண்டிவனம் போய் மாறுங்கள், அங்கிருந்து பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. நான் அப்படித்தான் போனேன். ஆற்காட்டில் பஸ் நின்றபோது அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கிக்கொண்டேன். செய்யாறு, வந்தவாசி வழியாகப் போய்ச் சேர மாலை நான்கு ஆகிவிட்டது. டிக்கெட் எல்லாம் சேர்த்து இருநூற்றைம்பதுக்குள்தான். வழியில் வெயில் ஜாஸ்தி, தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசி பஸ் நிலையத்துக்கே வந்திருந்தாள். அறைக்குப் போனதும் முதல் வேலையாக உறையை எடுத்துக் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். "ஊரு வாசன ஆயா" என்று சொல்லிக் கத்தியை உள்ளே போட்டாள். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கொண்டுபோயிருந்த பிரியாணியில் அவள் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

"இன்னாடி, ஆம்பூர் பிரியாணிய இப்பிடிக் கொறிக்கிற?"

"நாளைக்கு முங்கணும் ஆயா. எண்ணெய் ஜாஸ்தி ஆச்சின்னா படகுலயே மீனுக்குப் போட்டுடுவேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் படகு ஏறினோம். முங்காமல் கூட வருகிறவர்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். கப்பல் கிடக்கிற இடம் கரையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் அரை மணி நேரம் நன்றாக இருந்தது. அப்புறம் நான் எலுமிச்சம்பழத்தை மூக்கை விட்டு எடுக்கவில்லை. வாந்திக்கு மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், படகில் ஏறிப் போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும்.

படகு ஓட்டினவர் கோவிந்தன், அறுபது வயசு இருக்கும். அரசியோடு முங்கப் போகிறவர் தாமஸ், அவளுடைய பள்ளியில் மூத்த ஆசிரியர். போகிற வழியில் தாமஸிடம் நேராகவே கேட்டேன், இதில் உயிருக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்று. மனிதர் எதையும் மறைக்கவில்லை. ஆழம் போகப் போக ஒரு மூச்சுக்கு ஆகிற காற்று பல மடங்கு ஆகிவிடுமாம். முப்பது மீட்டரைத் தாண்டினால் சிலருக்குக் குடித்த மாதிரி தலை கிறுகிறுக்குமாம். பயமே இல்லாமல் சிரிப்பு வருமாம். அதுதான் பெரிய ஆபத்து என்றார். கப்பலுக்குள்ளே சேறு கலங்கினால் தன் கையே தெரியாது. கப்பல் மேலே எல்லாம் அறுந்துபோன மீன் வலை தொங்கும்.

"அப்பறம் எதுக்குப்பா போறீங்க?" என்றேன்.

அவர் அரசியைப் பார்த்தார். அரசி சொன்னாள்: "ஆயா, நீ கண்ண மூடிக்கினு நெனச்சிப் பாரு. நாம பாட்டுக்கு இறங்கினே இருப்போம், கீழ ஒண்ணுமே இருக்காது, வெறும் நீலம். திடீர்னு ஒரு நிழலு. அப்பறம் கம்பி, படி, ஜன்னலு. மனுஷன் ஏறின படியில மீனு கூட்டமா நிக்கும். சத்தமே இருக்காது. கோயிலு நடை சாத்தினதும் இருக்குமே, அந்த மாதிரி."

எனக்கு ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும் போலத்தான் இருந்தது. சொல்லவில்லை.

இடம் வந்ததும் கோவிந்தன் மிதவையில் படகைக் கட்டினார். அந்த மிதவையிலிருந்து ஒரு கயிறு நேராகக் கீழே கப்பலுக்குப் போகிறது. இரண்டு பேரும் முதுகில் இரட்டைச் சிலிண்டர் மாட்டிக்கொண்டு, ஒருவருடையதை ஒருவர் குழாய் குழாயாகத் தொட்டுச் சரிபார்த்தார்கள். கீழே பதினைந்து நிமிஷம், நின்று நின்று மேலே வருவதற்கு இருபத்தைந்து நிமிஷம் என்று கணக்கு. கப்பலின் இஞ்சின் அறையைப் பார்க்க வேண்டும் என்று அரசி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அதற்குத்தான் போனார்கள்.

"போய்ட்டு வர்றேன் ஆயா."

"வந்துடு" என்றேன். 

அவர்கள் போனதும் துண்டு எடுக்க அவள் பையைத் திறந்தேன். உள்ளே என் உறை இருந்தது. ஈரமாக, கத்தியோடு சேர்த்து ஒரு பழைய பனியனில் சுற்றி வைத்திருந்தாள். குதித்தபோது அவள் மார்பில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்ததைப் பார்த்தேனே, அதில் இருந்த வேறொரு கத்தியைத்தான் அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்லா இல்லை என்றால் நேற்றே சொல்லியிருக்கலாம். நான்கு பேர் முன்னால் தோல் உறை மாட்டிக்கொள்ள வெட்கமோ என்றுகூட நினைத்தேன். பனியனில் சுற்றி வைத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கடலில் குமிழி வந்துகொண்டிருந்தது. கோவிந்தனும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கயிற்றுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க?"

"சீக்கிரமே ஏறிட்டாங்கம்மா. கொமிழி கயித்தாண்ட வந்துடுச்சி பாருங்க."

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. கொஞ்சம் கீழே இரண்டு உருவம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டுகிற தூரம் மாதிரி இருந்தது. மேலே வரவில்லை.

"ஏன் வர மாட்டறாங்க? மயக்கமா?"

"இல்லம்மா. சோடா பாட்டில சடார்னு தொறந்தா பொங்குதில்ல, அதே மாதிரி ஒடம்புல காத்து பொங்கிடும். நின்னு நின்னுதான் வரணும். அவசரப்பட்டா கை கால் வுழுந்துடும், உயிரும் போவும். பொண்ணு நிக்குது பாருங்க, தூணு மாதிரி."

என்ன நடந்தது என்று தெரியாமல், அவள் தலையையே பார்த்துக்கொண்டு, அவள் நிற்கிற வரைக்கும் நானும் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. சங்கர் தொட்டி ஓரத்தில் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறி வந்ததும் அவள் முதலில் தாமஸுடைய சிலிண்டரைக் கழற்ற உதவினாள். அதன் தலையில் பச்சை வலை ஒரு முழத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, நறுக்கென்று வெட்டின முனையோடு.

"இஞ்சின் அறை வாசலாண்ட நிக்கறேன் ஆயா. டார்ச்சு வெளிச்சத்துல உள்ள சக்கரம் தெரியுது. சார் பின்னாடி இருக்காரு, வலையில சிலிண்டரு மாட்டிக்கிச்சி. நாலு எடத்துல வெட்டினேன். அவரு வுடுபட்டதும் திரும்பிட்டோம்."

"காத்து கம்மியா?"

"காத்து நெறையத்தான் இருந்திச்சி. ஆனா ஒண்ணு தப்பா நடந்தா அன்னிக்கி அவ்ளோதான், ஏறிடணும். அந்தக் கப்பலு எங்க போவப் போவுது?"

தாமஸ் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஒரு கண்ணு சிமிட்டற நேரம் நான் உள்ள போலாம்னு கை காட்டினேம்மா. இவ கூடாதுன்னு தலைய ஆட்டிட்டா" என்று சிரித்தார்.

அப்புறம்தான் பையைக் காட்டிக் கேட்டேன், "அது ஏண்டி உள்ள கெடக்குது?"

அவள் முகம் வாடிவிட்டது. "கோச்சிக்காத ஆயா. நீ தூங்கினதும் உப்புத் தண்ணி கரைச்சி பக்கெட்ல ஊற வெச்சேன். புதுசா எது வந்தாலும் ஊற வெச்சிப் பாக்காம நாங்க எடுத்துக்கினு போவ மாட்டோம். காலைல கத்தி வரவே இல்ல. காலால மிதிச்சி இழுத்துப் பாத்தேன். அதான் பழைய சின்னக் கத்திய எடுத்துக்கினேன்."

 தோல் தண்ணீர் குடித்தால் ஊதும். காய்ந்தால் சுருங்கிப் பிடிக்கும். அதை வைத்துத்தானே இருபத்தாறு வருஷம் சோறு சாப்பிட்டேன்! தைக்கும்போது என் நினைப்பெல்லாம் பாலிஷில்தான் இருந்திருக்கிறது. படகுக்குக் கொண்டுவந்திருந்த மிச்சப் பிரியாணியை மோந்து பார்த்து, கெடவில்லை என்று சொல்லிக் கோவிந்தன் சாப்பிட்டு முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது உறையைக் கத்தியோடு கேட்டு வாங்கிக்கொண்டேன். சத்துவாச்சாரியில் இறங்கி மகன் வீட்டுக்குப் போனேன். தண்ணீர்கூடக் கொடுக்காமல், "இன்னாம்மா, இன்னா சொல்ற?" என்றான்.

போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாசி, பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும், அப்போது போங்கள். பிள்ளைகள் யாரோடு முங்குகிறார்கள் என்று பார்த்து, அந்த ஆளிடம் ஆபத்து என்ன என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லை என்று சொல்கிறவரோடு அனுப்பாதீர்கள். முங்கினவர்கள் ஒரு நாளாவது மலை ஏறக் கூடாது, விமானம் ஏறக் கூடாது. கூட அழைத்துக்கொண்டு ஏலகிரி பார்க்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். மேலே வர நேரமானால் கத்தாதீர்கள், அவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார்கள். முன்கூட்டியே வந்தாலும் என்ன ஆச்சு என்று துளைக்காமல் முதலில் தண்ணீர் கொடுங்கள்.

சங்கர் கேட்டானே, அதற்குப் பதிலாக உறையை அவன் கையில் கொடுத்து, "கத்திய உருவு" என்றேன். நன்றாகக் காய்ந்திருந்தது. இழுத்தான். முழங்காலில் இடுக்கிக்கொண்டு இழுத்தான். தோல் ஷாப்பில் வேலை செய்தவன், இரண்டு இழுப்பில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு தச்சது இத?"

"நான்தான். அவளுக்குன்னு. இஞ்சின் அறை வாசல்ல கூட எறங்கின ஆளு வலையில மாட்டிக்கிட்டாரு, இவதான் வெட்டி எடுத்தா. இது அவ இடுப்புல இருந்திருந்தா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எடுத்துக்கினு போவலடா. ஆயா தச்சதுன்னு பாவம் பாக்கல. ஊற வெச்சிப் பாத்தா, ஒதவாதுன்னு தெரிஞ்சிது, படகுலயே வுட்டுட்டுப் போய்ட்டா."

ரொம்ப நேரம் அந்த 'அ' மேலே கட்டை விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் உறையை அலமாரியில் வைத்துவிட்டு, போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான்.

"அரசி, அந்த இஞ்சின் அறை எப்பிடி இருந்திச்சி?" என்று கேட்டான்.