குடிக்காதவனின் கணையம்

கணையம் என்று ஓர் உறுப்பு உடம்பில் இருப்பதே நாற்பது வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: குடி உண்டா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோதும் கேட்டார்கள். ஸ்கேனுக்குப் படுக்க வைத்துவிட்டும் கேட்டார்கள். இல்லை என்று நான் சொன்னால் டாக்டர் என் முகத்தைப் பார்க்கமாட்டார், பக்கத்தில் நிற்கும் என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அவள் "இல்ல சார்" என்றால்தான் எழுதிக்கொள்வார். அப்புறம் எனக்கு வாய் என்று ஒன்று எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வலி விட்டால்தானே கேட்பதற்கு.

நான் குடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்களுடையது குடியைப் பாவமாக நினைக்கும் பழைய கிறிஸ்தவ மிஷன் சபைக் குடும்பம், அதைவிட எனக்கு அந்த வாடையே ஆகாது. கணைய அழற்சி குடியாலும் வரும், பித்தக்கல்லாலும் வரும், காரணம் இன்னதென்று தெரியாமலும் வரும். குடிக்காத ஆட்களுக்கும் கணையத்துக்குள் கல் விழுந்து வருகிற ஒரு வகை இந்தப் பக்கத்தில் உண்டு. எனக்கு வந்தது அது. ஊரில் இதை யாரிடம் சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கேரள எல்லையில் இருக்கும் பாறசாலையில், ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. எரிந்துபோன கிணற்று மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். கையும் கண்ணும் ஒத்துப்போனால்தான் அந்த வேலை நடக்கும். இந்த நோயில் கையையும் கண்ணையும் முதலில் கெடுத்தது நோய் அல்ல, மருந்து.

மருந்தின் லட்சணத்தைச் சொல்கிறேன். சோறு செரிக்க ஒரு காப்ஸ்யூல், அதைச் சாப்பாட்டின் நடுவில் விழுங்க வேண்டும். கல்யாணப் பந்தியில் நான் சட்டைப்பையில் கைவிட்டால் பக்கத்து இலைக்காரர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என் கையைப் பார்ப்பார். வலிக்குக் கொடுக்கும் கடுமையான மாத்திரையைப் போட்டால் வயிறு கட்டிக்கொள்ளும், கக்கூஸில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதை இளக்க ஒரு சிரப். சிரப் கொஞ்சம் கூடிப்போனால் கடை ஷட்டரைப் பாதியில் இழுத்துவிட்டு ஓட வேண்டும். கணையம் பழுதானால் சர்க்கரையும் வரும், அதற்கு ஊசி. ஊசி போட்டபின் சாப்பாடு கொஞ்சம் தாமதித்தால் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறும். முன்கூட்டி ஒருவரும் சொன்னதில்லை. பட்டபின் போய்க் கேட்டால், இதெல்லாம் சாதாரணம் என்பார்கள். யாருக்கு சாதாரணம்? எழுதிக் கொடுக்கிறவருக்கு சாதாரணம்.

இதற்குமேல் எங்கள் எல்லைக்காரர்களின் புத்தி ஒன்று உண்டு. இந்தப் பக்கத்து வீடுகளில் பெரிய நோய்க்கு இரண்டு டாக்டர் இருப்பார்கள். ஒருவர் திருவனந்தபுரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில். இன்னொருவர் களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டில். அங்கே போனதை இங்கே சொல்லக்கூடாது, இங்கே போனதை அங்கே சொல்லக்கூடாது. சொன்னால் இருவருமே மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள், "அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தே?" என்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் மருந்துக்கு இரண்டு பிளாஸ்டிக் கவர். ஒன்று மலையாளக் கவர், ஒன்று தமிழ்க் கவர். திருவனந்தபுரத்துக்குப் போகும்போது மலையாளக் கவர் மட்டும் பையில் ஏறும். நாங்கள் மட்டுமல்ல, எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதுதான் நடப்பு.

தமிழ்க் கவர் எங்கள் வீட்டுக்கு வந்தது என் மனைவியின் அண்ணனால். அவருக்கு விளவங்கோடு பக்கம் வீடு. ஒரு நாள் வலி தாங்காமல் நான் தரையில் கிடந்து உருண்டபோது வந்து நின்றார். "மாப்பிள, திருவனந்தபுரம் போனா வரிசையில நின்னே சாவீரு. எனக்க டாக்டரு ஒருத்தரு உண்டு, நல்ல கைராசி ஆக்கும், வாரும்," என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த டாக்டர் நரம்புக்கு என்று சொல்லி ஒரு புது மாத்திரை எழுதினார். வலி நன்றாகவே அடங்கியது. அதற்கு அவரை நான் வாழ்த்தினேன்.

பத்துப் பதினைந்து நாளில் எனக்குத் தரை ஆட ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்தால் சுவர் பக்கமாகச் சாய்வேன். பாதம் வீங்கிச் செருப்பு நுழையாது. செம்புக் கம்பி இரண்டு இரண்டாகத் தெரியும், சுற்றின சுற்று மறந்துபோய் மறுபடியும் முதலிலிருந்து சுற்றுவேன். நாக்கு தடித்துப்போன மாதிரி இருக்கும், போனில் பேசினால், "என்ன அண்ணே, காலையிலேயேவா?" என்று சிரிப்பார்கள். நோய் முற்றுகிறது என்றுதான் நானும் மனைவியும் நினைத்தோம்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது பத்தாம் வகுப்பு. அந்த நாட்களில் அவளுக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. கடையிலிருந்து வந்தால் ஓடிவந்து சட்டைக் காலரைச் சரிசெய்வாள், தோளில் முகம் வைப்பாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் அப்படிச் சாய்ந்தபோது அவள் மூச்சை இழுப்பது கேட்டது. காலரைச் சரிசெய்யவில்லை, என் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை என்று சொல்ல நினைத்தாலும் நாக்கு ஒழுங்காக வந்திருக்காது.

அதற்கடுத்து வந்த திருவிருந்து ஞாயிற்றுக்கிழமையில் சர்ச்சுக்குப் போய், ஆல்டர் முன்னால் முழங்காலிட்டு, அப்பத்தை வாங்கி, திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். எழும்பும்போது தரை சரிந்தது. முன்னாலிருந்த கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கப் போய்ப் பக்கத்தில் இருந்தவர் மேல் விழுந்தேன். ரசம் அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது. இரண்டு பேர் என் கக்கத்தில் கைகொடுத்து, குடிகாரனை வெளியே கொண்டுபோவது போலவே வெளியே கொண்டுபோனார்கள். மகள் பாடகர் வரிசையில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் போதகரும் சபைக் கமிட்டிச் செயலாளரும் வீட்டுக்கு வந்தார்கள். டீ குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் செயலாளர் மெல்ல ஆரம்பித்தார்.

"பிரதர், கொஞ்ச நாளு திருவிருந்து வாங்க முன்னால வராண்டாம். சரியானதுக்குப் பொறவு பாத்துக்கிடலாம்."

"நான் குடிக்க மாட்டேன்ணு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் பிரதர். ஆனா இந்தக் கணையத் தீனம் யாருக்கு வரும்ணு ஊருக்கும் தெரியுமில்லா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழும்பி நின்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழும்பினேன், எழும்பிய வேகத்தில் தள்ளாடி நாற்காலியிலேயே விழுந்தேன். செயலாளர் போதகரைப் பார்த்தார். அவர்களுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதற்கடுத்த மாதம் எங்கள் சபையில் திடப்படுத்தல். என் மகள் வயதுப் பிள்ளைகளுக்குப் பேராயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார், அன்றுதான் முதன்முதலாகத் திருவிருந்து வாங்குவார்கள். பிள்ளையின் ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் அம்மாவும் முழங்காலிடுவது எங்கள் வழக்கம். என் மகளுக்கும் அன்றுதான். நான் பக்கத்தில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று சபை முழுக்கத் தெரியும். சபை போகட்டும், அவளே அதை நம்பிவிடுவாள். அவள் நம்பிவிடக்கூடாது, எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

நான் திருவனந்தபுரத்து டாக்டரிடம் போனது வைத்தியத்துக்கு அல்ல. இந்த ஆள் குடிகாரன் இல்லை என்று எழுதித் தாருங்கள் என்று கேட்கப் போனேன். அவர் சிரித்துவிட்டார். அப்படியெல்லாம் எழுதித் தர முடியாது என்றார். நான் எழும்பியபோது சாய்ந்ததைப் பார்த்துச் சிரிப்பு நின்றது. இது எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் வழக்கம்போல மழுப்பினேன். என் மனைவிதான் பொறுமை இழந்து, ஹேண்ட்பேக்கைத் திறந்து, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்த தமிழ்க் கவரை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். "இதும் திங்காரு சார்," என்றாள். எல்லையில் இருக்கும் ஒருத்தி அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

டாக்டர் ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மலையாளக் கவரிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "ரண்டும் ஒண்ணு தன்னே," என்றார். கம்பெனி வேறு, மேலே போட்ட பெயர் வேறு, நிறம் வேறு. உள்ளே இருந்தது ஒரே மருந்து. அவர் ஏற்கெனவே வலிக்காகக் கொடுத்திருந்ததையே அந்தப் பக்கத்து டாக்டரும் முழு அளவில் கொடுத்திருந்தார். நான் காலையும் இரவும் இரட்டிப்பாகத் தின்றுகொண்டிருந்தேன். தலைசுற்றல், தள்ளாட்டம், நாக்குக் குழறல், கால்வீக்கம், கண்ணில் இரண்டு இரண்டாய்த் தெரிவது எல்லாம் அந்த மருந்து கூடினால் வருவது என்றார். அப்புறம், ஏன் இதுவரை சொல்லவில்லை என்று எங்களைச் சத்தம் போட்டார்.

எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. மலையாளத்தில்தான் கேட்டேன், கோபம் வந்தால் எனக்கு மலையாளம் சுத்தமாக வரும். வரும்போதெல்லாம் குடி உண்டா குடி உண்டா என்று கேட்டீர்களே, வேறு மாத்திரை உண்டா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? அந்தப் பக்கத்து டாக்டரும் கேட்கவில்லை. என் வாயை மோந்து பார்க்கிற அளவுக்கு என் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, இப்போது எங்களைச் சத்தம் போடுகிறீர்களா? வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். டாக்டர் பேனாவை எடுத்து, அந்த மருந்தை ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, இப்படி இப்படிக் குறைக்க வேண்டும் என்று எழுதித் தந்தார்.

மெல்ல மெல்லத் தரை அதன் இடத்துக்கு வந்தது. நாக்கும் வந்தது. இரண்டு அட்டையையும் கொண்டுபோய்ப் போதகரை உட்கார வைத்து விளக்கினேன். கவனமாகக் கேட்டார். நல்லது, மகளோடு வந்து முழங்காலிடுங்கள் என்றார். அன்று ராத்திரி நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திடப்படுத்தல் அன்று மகள் வெள்ளை உடுப்பில் வெள்ளை முக்காடு போட்டிருந்தாள். அவளுக்கு வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள் அம்மா. அப்பமும் ரசமும் வாங்கினோம், ஒரு துளி சிந்தவில்லை. முடிவில் போதகர் நன்றி ஜெபம் செய்தார். மழைக்கு நன்றி சொன்னார், பொழியூரில் கடல் கொண்டுபோகாமல் விட்ட வீடுகளுக்கு நன்றி சொன்னார். அப்புறம், "மதுபானத்தின் கட்டிலிருந்து விடுதலை தந்து, இந்த நாளில் தன் மகளோடு முழங்காலிடும் கிருபையை எங்கள் சகோதரனுக்குத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்," என்றார். சபை முழுக்க ஆமென் என்றது. என் பக்கத்திலிருந்தும் ஆமென் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் மகள் அழுதுகொண்டிருந்தாள்.

எழும்பிக் கத்தியிருக்க வேண்டும். அவளுடைய நாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். போட்டோ எடுத்தார்கள், பிரியாணி போட்டார்கள், ஆள் ஆளாக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செயலாளர் கட்டிப்பிடித்தே விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். இரண்டு டாக்டர், ஒரே மருந்து, அதனால்தான் தள்ளாடினேன். வேண்டுமானால் நீயே டாக்டருக்குப் போன் போட்டுக் கேள் என்றேன்.

"எதுக்குப்பா? அதான் இப்ப விட்டாச்சுல்லா. எனக்கு அது போதும்."

"மக்கா, நான் குடிச்சதே இல்ல."

"சரிப்பா," என்றாள். என் காலரைச் சரிசெய்யவில்லை, கிட்டே வந்து மோந்து பார்க்கவில்லை. என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். என் மகள் என்னை முழுசாக மன்னித்திருந்தாள்.