ஒரு கட்டை ஏறிப்போன ராட்டினப் பாட்டு

1. டூப்பு

கூட்டேரிப்பட்டுத் திருவிழாக் கச்சேரி. என்னுடைய பாட்டை நான் பாடிக்கொண்டிருக்கிறேன். முன்வரிசையில் ஒருவன் எழுந்து கத்தினான்.

"ஏம்மா, கேசட்டுல பாடுன பொண்ணு எங்க? டூப்பு வெச்சி ஏமாத்துறீங்களா?"

கூட்டம் சிரித்தது. "மூக்கடைப்பாக்கா? ஜல்தியா பாடு, கடைசி பஸ்சு பூடும்!" என்றான் இன்னொருவன். விசில் பறந்தது. பாதியில் நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். அந்தக் கேசட்டில் பாடியதும் நான்தான்.

2. பாட்டு வந்த விதம்

எங்கள் மெல்லிசைக் குழு விழுப்புரத்தில் இருந்தது. எண்பதுகளில் எந்த ஊருக்குப் போனாலும் டிஸ்கோ கேட்டார்கள். சினிமாப் பாட்டையே எத்தனை நாள் பாடுவது என்று எங்கள் அந்தோணி மாஸ்டர் சொந்தமாக ஒன்று போட்டார். மயிலம் திருவிழாவில் ராட்டினம் ஏறிய பெண் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் ஜமக்காளம் கட்டி, ஒரே மைக்கை வைத்துப் பதிவு செய்தோம்.

"கத்தாத ஸ்டெல்லா. உன் கொரலு கீழதான் நல்லா கீது" என்றார் மாஸ்டர். என் குரலுக்கு ஒத்த ஸ்கேலில்தான் பாட்டை வைத்தார்.

இருந்த அந்த ஒரே கேசட்டைத் திண்டிவனத்தில், கேட்பவர்களுக்குப் பாட்டுப் பதிந்து விற்கும் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்தோம். அங்கிருந்து கல்யாண மைக்செட், டீக்கடை, மல்லாட்டை மூட்டை ஏற்றும் லாரி என்று எங்கும் பரவியது. கச்சேரி பேச வருகிறவர்கள் ராட்டினப் பாட்டு உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். மெட்ராஸில் பாடக் கூப்பிடுவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

3. ஸ்குரூ

கூட்டேரிப்பட்டு அவமானத்துக்கு மறுநாள் அந்தத் திண்டிவனம் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் என் பாட்டைப் போடச் சொன்னேன். அதுவரை டீக்கடை இரைச்சலில் தூரத்தில் கேட்டதோடு சரி, நின்று கேட்டதில்லை. எட்டு வயதுக் குழந்தை மூக்கால் பாடுவது போல ஒரு குரல் வந்தது.

"யாருய்யா இது?"

"நீங்கதாங்க்கா! கஸ்டமரு ஒரே கேசட்டுல கூட ரெண்டு பாட்டு கேக்குறான். டேப்பு பத்தல. செட்டுல ஸ்பீடு ஸ்குரூவ லைட்டா திருப்பி உட்டேன், பாட்டு வேகமா ஓடி சீக்கிரம் முடிஞ்சிரும், கொரலு கொஞ்சம் மேல ஏறும், அவ்ளோதான். டிஸ்கோவுக்கு எடுப்பா கீதுல்ல? அதான் இந்த ஓட்டம் ஓடுது."

"பாடுனது நானா, உன் ஸ்குரூவா?"

"கோச்சிக்காதீங்க்கா. வேணும்னா சரியான ஸ்பீடுல போட்டுத் தர்றேன்."

போட்டும் கொடுத்தார். வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொண்டு வந்தார்கள். டேப்பு இழுக்குது, வேற குடு என்றார்கள். கடைசியில் அவர் ஒரிஜினல் கேசட்டின் மேலேயே வேறு யாருக்கோ பாட்டுப் பதிந்து கொடுத்துவிட்டார். வேகக் கேசட்டிலிருந்து பதிந்த கடைகள் எத்தனை என்று அவருக்கே தெரியாது.

4. ஒரு கட்டை மேலே

மாஸ்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"கேசட்டு மாதிரியே பாடிரு ஸ்டெல்லா. சுருதிய ஒரு கட்டை மேல ஏத்திக்கலாம்."

"நீங்கதான கத்தாதன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப ஊரே அத்ததான் கேக்குது. புக்கிங்கு நின்னுபோச்சின்னா எல்லாரும் எங்க போறது?"

பாடினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. இறங்கி வந்து துப்பினால் எச்சிலில் ரத்தம் இருக்கும். வெந்நீர் குடித்துவிட்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவேன். அந்த வருஷத் திருவிழாக்கள் முடிவதற்குள் தொண்டையில் காய்ப்பு விழுந்துவிட்டது. வாயைத் திறக்கவே கூடாது என்றார் டாக்டர். மறுபடி வாயைத் திறந்தபோது குரல் மேலேயும் எட்டவில்லை, கீழேயும் நிற்கவில்லை.

மெட்ராஸிலிருந்து பாட ஆள் தேடுகிற ஒருவர் என்னைத் தேடி வரத்தான் செய்தார். "மெதுவா, கீழ்ஸ்தாயில நாலு வரி பாடும்மா" என்றார். காற்றுதான் வந்தது. அவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மேடைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்கிறேன். உங்கள் குரலுக்கு ஒத்த ஸ்கேலை எவனுக்காகவும் மாற்றாதீர்கள். கடைக்காரனுக்கு டேப்பு மிச்சம், குழுவுக்கு புக்கிங் மிச்சம். தொண்டை மட்டும் உங்களுடையது. கூட்டேரிப்பட்டில் கூட்டம் சிரித்தால் சிரிக்கட்டும் என்று நான் பாட்டை முடித்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். அதுதான் நான் அந்தப் பாட்டை என் சொந்தக் குரலில் பாடிய கடைசி மேடை. அதையும் பாதியில் விட்டேன்.