பேட்டரி குடித்த ஆற்றுத் தண்ணீர்

பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்காரத் துரைசானி டாக்டருக்கு ஒரு மோட்டார் இருந்தது. அதற்கு என் அப்பாதான் டிரைவர். ஊரில் மொத்தமே இரண்டு மூன்று மோட்டார் ஓடிய காலம். அப்பாவின் நடையில் கலெக்டர் மிடுக்கு கொஞ்சம் தெரியும். எட்டு வயதில் எனக்கு மோட்டாரைக் கண்டு பயமில்லை. அதன் பேட்டரியைக் கண்டால்தான் குலை நடுங்கும்.

மரப்பெட்டிக்குள் இரண்டு கண்ணாடி அறைகள். உள்ளே இருப்பது பார்க்கப் பச்சைத் தண்ணீர்தான். ஆனால் அப்பாவின் வேட்டியெல்லாம் அது தின்ற ஓட்டைகள். "கிட்ட வராதட்டீ, கை வெந்து போகும்" என்பார். சனிக்கிழமைதோறும் மூடியைத் திறந்து, ஆஸ்பத்திரியில் காய்ச்சி வடித்துக் கொடுக்கும் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, உள்ளே கிடக்கும் சின்ன மிதவையைப் பார்ப்பார். மிதவை மேலே நின்றால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. அடியில் போய் உட்கார்ந்தால் போச்சு.

பேட்டரி இரண்டு உண்டு. ஒன்று வண்டியில் இருக்கும்போது மற்றது மாட்டுவண்டியில் பஞ்சாலைக்குப் போய், அங்கே ஓடும் டைனமோவில் சார்ஜ் ஏறி வரும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் கரண்ட் கிடையாது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கு ஒரு யோசனை. ஆலையிலிருந்து வந்த பேட்டரியை வீட்டுக்குத் தூக்கி வந்து, வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்துக்குள் குட்டி பல்பு ஒன்றை எரிய விட்டார். எண்ணெயில்லை, திரியில்லை, நட்சத்திரம் எரிகிறது! மேலப்பாளையத்திலிருந்துகூட ஆட்கள் வந்து வாயைப் பிளந்தார்கள். அது எரிந்த நான்கு சாயங்காலமும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பண்டிகை முடிந்த சனிக்கிழமை, அந்த வடித்த தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டேன். அத்தனையும் மண்ணில். முதுகுத் தோலை உரித்துவிடுவாரே என்ற பயத்தில், அடுப்படிக் குடத்திலிருந்து மொண்டு நிரப்பி வைத்தேன். தாமிரபரணித் தண்ணீர், துரைசானியே புகழ்ந்து குடிப்பார், பேட்டரி குடிக்காதா? அப்பா அதைத்தான் ஊற்றினார். நட்சத்திரத்துக்கு எரிந்த பேட்டரியில் மிதவை அடியில் கிடந்தது. அப்பாவின் முகம் வாடிவிட்டது. திங்கட்கிழமை ஆலைக்கு அனுப்பிவிடுவோம் என்று முனகினார். நானோ, என் தண்ணீர்தான் அதைக் கொன்றுவிட்டது என்று விறைத்துப் போனேன்.

மறுநாள் ஞாயிறு, கோயில் ஆராதனை முடிந்து வந்தபோது, சீவலப்பேரியிலிருந்து சித்தப்பா குதிரைவண்டியில் வந்து குதித்தார். அவர் மனைவி, அம்மாவின் தங்கையான என் சித்திக்குத் தலைப்பிரசவம். இரண்டு நாளாக வலி.

"டாக்டரம்மாவ இப்பவே கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி. அவ தாங்க மாட்டா."

அப்பா ஆஸ்பத்திரிக்கு ஓடி மோட்டாரின் கைப்பிடியைச் சுற்றினார். வண்டியில் இருந்தது பண்டிகை வாரமெல்லாம் ஓடிக் களைத்திருந்த பேட்டரி. மோட்டார் இரண்டு தரம் இருமி அடங்கியது. நட்சத்திரத்துக்கு எரிந்த மற்றதை மாற்றினார். இருமல்கூட வரவில்லை. உள்ளங்கை கொப்புளிக்கச் சுற்றினார். துரைசானி, நுரை தள்ளி நின்ற அந்தக் குதிரையின் வண்டியிலேயே ஏறினார்.

நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் முழங்காலிட்டுத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். சித்தி செத்தால் நான் கொலைகாரி. நரகத்தில் நெருப்புக்குப் பதில் பேட்டரித் தண்ணீர் இருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

பொழுது சாயச் சேதி வந்தது. சித்தி பிழைத்துவிட்டாள். பிள்ளைக்கு மூச்சு வரவில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று துரைசானி சொன்னாராம்.

அழுதுகொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பாட்டில், குடம், ஆற்றுத் தண்ணீர். அடிக்குக் காத்துக் கண்ணை மூடினேன். அடி விழவில்லை. அப்பா என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்.

"சரி, விடு. யாருகிட்டயும் சொல்லாதட்டீ."

பிறகு என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினார். பெற்ற மகளின் பாவத்தை மறைக்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று நானும் அழுதேன். அதற்கப்புறம் சித்தி வீட்டுக்கு வந்தால், அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி, அப்பாவும் கல்லறைக்குப் போனபின், மோட்டார் வேலை தெரிந்த என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் கேட்டேன். ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீரில் ஒரே நாளில் பேட்டரி சாகுமா என்று அவர் சிரித்தார். சார்ஜ் தீர்ந்துதான் செத்திருக்குமாம்.

அந்த வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசலில் நட்சத்திரம் ஏறவேயில்லை. கிறிஸ்துமஸுக்குத் தெருவே வெளிச்சமாயிருக்க, எங்கள் வீடு மட்டும் இருட்டாகக் கிடக்கும். எனக்குக் கிடைத்த தண்டனை அது என்று நினைத்து, ஏன் என்று அப்பாவிடம் ஒருநாளும் நான் கேட்கவில்லை.